ஒற்றை எஞ்சினில் எவ்வளவு தூரம்? கரையோரப் படகுப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

குளிர்காலம் தொடங்கிவிட்டது. விடியற்காலையில் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள் என்பதால், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சிறிய படகில் நெடுந்தூரம் போக ஆசைப்படும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழில் முடிந்த அளவு விரிவாகப் பதில் தருகிறோம். மைல் என்று வருமிடமெல்லாம் கடல் மைல் (1,852 மீட்டர்); நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.

கேள்வி: எங்களிடம் 6 மீட்டர் ஸ்கீ-போட் (கடற்கரை அலையில் இறக்கி ஏற்றும் மீன்பிடிப் படகு) உள்ளது. 70 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இரண்டு, 80 லிட்டர் பெட்ரோல் டேங்க் இரண்டு. நான்கு பேராக டர்பனிலிருந்து வடக்கே ரிச்சர்ட்ஸ் பே துறைமுகம் வரை ஒரே நாளில் போக நினைக்கிறோம். முடியுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

முடியும். ஆனால் இப்போதுள்ள டேங்குகளை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

தூரத்திலிருந்து தொடங்குவோம். துறைமுக வாயிலிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே வாயில் வரை நேர்கோட்டில் ஏறக்குறைய 84 மைல். ஆனால் அந்த நேர்கோடு டுகேலா ஆற்று முகத்துக்கு நேரே கரையை விட்டு ஏறக்குறைய எட்டு மைல் விலகிப் போகிறது. பலருடைய உரிமம் 5 மைலுக்குள் மட்டும் ஓட்டும் ‘டி’ பிரிவு. அவர்களுக்கு அந்தக் கோடு சட்டப்படியே கிடையாது. டுகேலா முகத்துக்கு வெளியே 3 மைலில் ஒரு திருப்பப் புள்ளியை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு இரண்டு பகுதியாகப் போங்கள்: முதல் பகுதி 45 மைல் சொச்சம், இரண்டாவது 40க்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 85. ஒரே ஒரு மைல் கூடுதலுக்குப் பயணம் முழுவதும் கரை பக்கத்தில் இருக்கும்.

அடுத்து பெட்ரோல். உங்கள் அளவுப் படகு நான்கு பேரோடும் சாமானோடும் 20 நாட் வேகத்தில் போகும்போது, இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு 30 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மைலுக்கு ஒன்றரை லிட்டர். 85 மைலுக்கு 128 லிட்டர். எடுத்துப்போகும் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குக்குள் பயணம் முடிய வேண்டும், மீதி ஒரு பங்கு தொடப்படாமல் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. அப்படியானால் 190 லிட்டர் தேவை. உங்களிடம் இருப்பது 160. எதிரே வடகிழக்குக் காற்று கிளம்பினால் செலவு கால் பங்கு கூடும். 160 லிட்டரும் வாயிலை எட்டும்போது தீர்ந்திருக்கும். ஆகவே இரண்டு 20 லிட்டர் கேன்கள் கூடுதலாக வேண்டும். வடகிழக்குக் காற்று பலமாக வீசும் என்று முன்னறிவிப்பு இருந்தால் 200 லிட்டரோடும் கிளம்பாதீர்கள்.

மணிக்கு 30 லிட்டர் என்பது எங்கள் கணக்கு. உங்கள் படகின் கணக்கை நீங்களே எடுக்க வேண்டும். டேங்கை நிரப்பி, பயணத்தில் ஏற்றப்போகும் பாரம் முழுவதையும் ஏற்றி, நினைத்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மறுபடி நிரப்புங்கள். பம்ப் காட்டும் லிட்டர்தான் உண்மை. டேங்கின் முள் ஆடும் படகில் பொய் சொல்லும்.

இனி இந்தப் பயணத்தையே தீர்மானிக்கும் கணக்கு. ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் பாரம் ஏற்றிய 6 மீட்டர் படகு மற்ற எஞ்சினால் பெரும்பாலும் நீர்ப்பரப்பின் மேல் எழுந்து ஓடாது. தண்ணீரை உழுதுகொண்டு 6 நாட் வேகத்தில்தான் போகும். டுகேலாவுக்கு வெளியே ஒரு எஞ்சின் போனால் மீதி 40 மைலுக்கு ஆறு மணி நாற்பது நிமிடம். ஜூன் மாதத்தில் சூரியன் ஐந்து மணிக்குச் சற்றுப் பிறகு மறைகிறது. காலை 6.30க்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் 8.45க்கு டுகேலா; அங்கே எஞ்சின் நின்றாலும் மூன்றரை மணிக்கு ரிச்சர்ட்ஸ் பே. 8.30க்குக் கிளம்பினால் அதே பழுது உங்களை இருட்டில், தெரியாத வாயிலில், நங்கூரமிட்ட நிலக்கரிக் கப்பல்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தும். டிரெய்லர் டயர் பஞ்சராகித் தாமதமானால் அன்றைக்குப் பயணம் இல்லை, மீன்பிடிப்புதான் என்று நால்வரும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நின்றுகொண்டு இதைப் பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

ஒற்றை எஞ்சின் வேகத்தை ஊகிக்காதீர்கள். ஒரு எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு அரை மணி ஓட்டி ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். அப்போதே இன்னொன்றையும் சோதிக்கலாம்: நின்றுபோன எஞ்சினின் டேங்கில் உள்ள பெட்ரோலை ஓடும் எஞ்சினுக்குத் திருப்ப வால்வு இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் 160 லிட்டரில் பாதி வெறும் சுமை. பேட்டரிக்கும் இதேதான்: எஞ்சினுக்கு ஒன்று தனியாக, அவசரத்தில் இரண்டையும் இணைக்க ஒரு சுவிட்ச்.

40வது மைலில் ஸிங்க்வாஸி வரும். அங்கே வேகத்தைக் குறைத்து ஐந்தைப் பாருங்கள்: மணி, செலவான பெட்ரோல், இரண்டு எஞ்சினின் குளிர்நீர்த் தாரை, காற்று, காற்றழுத்தமானி. 60 லிட்டர் செலவாகியிருந்தால் சரி. 75ஐத் தாண்டியிருந்தால் திரும்புங்கள். எதிர்க்காற்றுதான் காரணமென்றால் திரும்பும் வழியில் அது முதுகில் இருக்கும், செலவு குறையும். ஸிங்க்வாஸிக்கு வடக்கே நல்ல இறங்குதுறை மிக அரிது என்பதால்தான் இந்த இடம்.

திசைகாட்டி பற்றி ஒரு வார்த்தை. டர்பன் பக்கம் காந்தத் திசை உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 26 பாகை மேற்கே விலகியிருக்கிறது. வரைபடத்தில் முதல் பகுதி சுமார் 33 பாகை என்றால் திசைகாட்டியில் 59 பிடிக்க வேண்டும். இரண்டாவது 48 என்றால் 74. ஜிபிஎஸ் அணைந்துபோன பிறகு இந்தக் கூட்டலைப் போட முடியாது. இரண்டு எண்களையும் பெயின்ட் பேனாவால் ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

டுகேலா முகத்தில் தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும். மணல் திட்டு நகரும். மழைக்குப் பிறகு மரக்கட்டைகள் நீருக்குள் பாதி அமிழ்ந்து மிதக்கும். 3 மைல் தள்ளிப் போகச் சொன்னதற்கு அதுவும் காரணம்.

கடைசியாக, ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தை விடுங்கள். வீட்டில் ஒருவர் காலி டிரெய்லரோடு என்2 சாலை வழியே வரட்டும், இரண்டு மணி நேரம்தான். வழியில் நீங்கள் எங்கே ஒதுங்கினாலும் டிரெய்லர் அங்கே வந்துவிடும். அந்த நிம்மதி இருந்தால்தான் ஸிங்க்வாஸியில் திரும்பும் முடிவை மனம் ஒப்பி எடுக்க முடியும்.

கேள்வி: முன்னறிவிப்பில் நல்ல நாள் என்று போட்டிருந்தும் தென்மேற்குக் காற்று திடீரென்று வந்துவிடுகிறது. முன்கூட்டியே அறிவது எப்படி?
– வாசகர், மெர்பேங்க்

அது திடீரென்று வருவதாகத் தோன்றுமே தவிர, வரும் வழியெல்லாம் அடையாளம் வைத்துக்கொண்டுதான் வரும்.

முதலில் ஒன்றிரண்டு நாள் வடகிழக்குக் காற்று பலமாக வீசும், காற்றழுத்தமானி இறங்கிக்கொண்டே போகும். கரையோரமாக ஒரு சிறு தாழ்வழுத்தம் தெற்கிலிருந்து மேலேறி வருவதன் விளைவு அது. பிறகு காற்று சட்டென்று விழும். கடல் எண்ணெய் தடவினாற்போல் இருக்கும். சில நாட்களில் உள்நாட்டிலிருந்து வெப்பக் காற்றும் அடிக்கும். அனுபவமில்லாதவர் ‘அப்பாடா, காற்று நின்றது’ என்று கிளம்புவது இந்த நேரத்தில்தான். தாழ்வழுத்தம் உங்களைக் கடந்ததும் அழுத்தம் இறங்குவதை நிறுத்தி ஏறத் தொடங்கும், தெற்கே தாழ்வான கருமேகம் சுருண்டு வரும், சில நிமிடங்களிலேயே 25 முதல் 40 நாட் வரை தென்மேற்குக் காற்று பிடித்துக்கொள்ளும்.

ஆகவே முன்னறிவிப்பை மட்டும் பார்க்காமல், தெற்கே இப்போது என்ன வீசுகிறது என்பதையும் பாருங்கள். காற்று மாற்றம் கெபெஹாவை (போர்ட் எலிசபெத்), பிறகு ஈஸ்ட் லண்டனை, பிறகு மார்கேட்டைத் தொட்டுவிட்டுத்தான் டர்பனுக்கு வரும். முதல் நாள் இரவிலும் கிளம்பும் முன்பும் இந்த மூன்று ஊர்களின் காற்றுத் திசையைப் பாருங்கள். ஈஸ்ட் லண்டனில் தென்மேற்கு வந்துவிட்டதென்றால் டர்பனின் அன்றைய நாள் எண்ணப்பட்டுவிட்டது. மார்கேட்டில் வந்துவிட்டதென்றால் படகை டிரெய்லரிலிருந்து இறக்காதீர்கள். கடலில் இருக்கும்போது கரையில் உள்ள ஒருவர் மணிக்கொரு முறை பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம்.

இந்தக் காற்று ஏன் இவ்வளவு பொல்லாதது? அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. காற்றோ தென்மேற்கிலிருந்து வருகிறது. இரண்டும் நேருக்கு நேர் மோதும்போது அலைகளுக்கு இடையிலான தூரம் சுருங்கி, முகம் செங்குத்தாகிவிடும். வேறொரு கடலில் தாங்கக்கூடிய 2 மீட்டர் அலை இங்கே படகுக்குள் தண்ணீரை அள்ளிக் கொட்டும்.

மாட்டிக்கொண்டால்: வடக்கே போகும் படகுக்கு அலை பின்னாலிருந்து வரும். அலையின் முகத்தில் வழுக்கி இறங்க விடாதீர்கள். அணியம் (படகின் முன்முனை) முன் அலைக்குள் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்வது அப்போதுதான். முன்னே போகும் அலையின் முதுகில் ஏறி, அதே வேகத்தில் அதன் பின்னாலேயே போங்கள். பாரத்தைப் பின்பக்கம் நகர்த்தி, எஞ்சின் டிரிம்மை (சாய்வை) சற்று வெளியே தள்ளி அணியத்தை உயர்த்திக்கொள்ளுங்கள். எதிர் அலையில் இதற்கு நேர்மாறு: டிரிம்மைச் சற்று உள்ளே கொண்டுவந்து, வேகத்தைக் குறைத்து, அலையைச் சற்றே சாய்வாக ஏறுங்கள்.

கேள்வி: ஆற்றில் ஓட்டும்போது எஞ்சின் அருமையாக ஓடுகிறது. கடலில் அலை ஆடத் தொடங்கியதும் வேகம் இறங்கி நின்றுவிடுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டுக் கோளாறே இல்லை என்கிறார்.
– வாசகர், டோங்காட்

எஞ்சினில் கோளாறு இருக்காது. டேங்கில் இருக்கும். பாதி காலியான டேங்கின் உள்சுவரில் இரவு ஈரம் படிந்து தண்ணீராக அடியில் தேங்குகிறது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது, ஆற்றில் அசையாமல் அடியில் கிடக்கும். கடலில் டேங்க் குலுங்கும்போது தண்ணீரும் அடிமண்டியும் கலங்கி உறிஞ்சு குழாய்க்குள் போகும். கடல் மோசமாகும் நேரத்தில்தான் எஞ்சின் நிற்பதற்கு இதுவே காரணம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் கீழே கோடு போட்டாற்போல் பிரிந்து நிற்கும். பிரிந்தால் டேங்கை முழுவதும் வடித்துச் சுத்தம் செய்யுங்கள், ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாக 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள். இரண்டு எஞ்சினும் ஒரே டேங்கிலிருந்து, ஒரே ஃபில்டர் வழியாகக் குடிக்கும் படகை இரட்டை எஞ்சின் படகு என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஒரு குவளை தண்ணீர் இரண்டையும் ஒரே நிமிடத்தில் நிறுத்திவிடும்.

தண்ணீர் இல்லையென்றால் அடுத்த முறை எஞ்சின் திணறும்போது கைப்பம்பை (பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் குமிழை) தொட்டுப் பாருங்கள். சப்பையாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் டேங்கிலிருந்து வரும் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது டேங்கின் காற்றுத் துளை மூடியிருக்கிறது. மூடியைச் சற்றுத் திறந்ததும் எஞ்சின் மூச்சு விட்டால் காற்றுத் துளைதான். பம்ப் எவ்வளவு அமுக்கியும் இறுகவே இல்லையென்றால் அதன் உள்வால்வு போயிருக்கும், அல்லது குழாய் இணைப்பில் காற்று புகுகிறது; அந்த ரப்பர் வளையத்தை மாற்றுங்கள்.

நெடும்பயணத்துக்கு முன் இன்னும் இரண்டு. கியர் எண்ணெயின் அடித்திருகைத் தளர்த்திச் சில துளி பாருங்கள்: பால் நிறமாக இருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது, அந்த கியர் எண்பது மைல் தாங்காது. குளிர்நீர் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் இப்போது மாற்றுங்கள். மணல் கலங்கிய அலையில் இறக்கி ஏற்றும் படகுகளில் அதன் ரப்பர் சீக்கிரம் தேயும்.

படகில் வைக்க வேண்டிய உதிரிகள்: ஃபில்டர் இரண்டு, கைப்பம்ப் குழாயோடு ஒன்று, ஸ்பார்க் பிளக் ஒரு செட், ஃப்யூஸ்கள், புரொப்பல்லர் ஒன்று, அதன் நட்டும் முளையாணியும், அதைக் கழற்றும் ஸ்பேனர். புரொப்பல்லர் இருந்து ஸ்பேனர் இல்லாத படகுகள் நிறைய.

கேள்வி: தெற்கே போனால் நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகுமே. டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் போவதுதானே சுலபம்?
– வாசகர், உம்ஸிண்டோ

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். தெற்கே போவதுதான் ஆபத்து அதிகம்.

வடக்கே டுகேலா பக்கம் கண்டத்திட்டு (கரையை ஒட்டி அதிக ஆழமில்லாமல் நீளும் கடலடி நிலம்) அகலமானது, 45 கிலோமீட்டர் வரை நீள்கிறது. நீரோட்டத்தின் வேகமான பகுதி திட்டின் விளிம்பைப் பற்றியே ஓடுவதால் அது உங்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கும். போர்ட் எட்வர்டை நெருங்கும்போது அதே திட்டு ஏறக்குறைய 10 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. 4, 5 நாட் வேக நீரோட்டம் கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ஷெல்லி பீச்சுக்கு வெளியே புரோட்டியா பேங்க்ஸில் மீன் பிடிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். முன்னே தள்ளும் ஓட்டம் திரும்பி வரும்போது எதிராளி. ஒற்றை எஞ்சினில் 6 நாட் போகும் படகு 4 நாட் ஓட்டத்துக்கு எதிரே மணிக்கு 2 மைல்தான் நகரும். கரைக்கு நெருங்கி வந்தால் ஓட்டம் குறையும், ஆனால் அங்கே பாறையும் உடையும் அலையும்.

ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து கிரேட் ஃபிஷ் முனை வரை, திட்டின் விளிம்புக்கு வெளியே 20 மீட்டர் வரை உயரும் அசாதாரண அலைகள் வரக்கூடும் என்று கடல் வரைபடங்களிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். தென்மேற்குப் புயல் வந்தால் 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே ஒதுங்கு என்பது பெரிய கப்பல்களுக்கே சொல்லப்படும் அறிவுரை. 1909 ஜூலை 26 அன்று டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பிய ‘வாரட்டா’ கப்பல் 211 பேரோடு இந்தக் கரையில்தான் காணாமல் போனது.

டர்பனிலிருந்து ஷெல்லி பீச் 65 மைல், போர்ட் செயின்ட் ஜான்ஸ் 130, ஈஸ்ட் லண்டன் 250. ஷெல்லி பீச்சுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் நடுவே எந்தக் காற்றிலும் நுழையக்கூடிய துறைமுகம் ஒன்றுகூட இல்லை. போர்ட் செயின்ட் ஜான்ஸ் என்பது உம்ஸிம்வுபு ஆற்று முகம். மணல் திட்டில் அலை உடைந்தால் வாசல் மூடிவிடும். 6 மீட்டர் படகுக்கு எங்கள் முடிவு இது: ஷெல்லி பீச் வரை போங்கள். அதற்குத் தெற்கே படகை டிரெய்லரில் சாலை வழியாகக் கொண்டுபோய், அங்கங்கே இறக்கி, நாளாந்தச் சுற்றாகப் பாருங்கள்.

ஷெல்லி பீச் பயணத்தில் உம்கோமாஸுக்கு வெளியே அலிவால் ஷோல் என்ற நீரடிப் பாறைத்திட்டு குறுக்கே கிடக்கிறது. கரையிலிருந்து 4, 5 கிலோமீட்டர். மேல்முகடு 6 மீட்டர் ஆழம்தான். சாதாரண நாளில் மேலேயே போய்விடலாம். நெடிய தெற்கு அலை வரும் நாளில் அதன் முகட்டில் அலை உடையும். கிரீன் பாயின்ட் கலங்கரை விளக்கத்தை அடையாளமாக வைத்து, வெகு முன்பே எந்தப் பக்கம் என்று தீர்மானித்துவிடுங்கள். முக்குளிப்பவர்களின் கொடி தெரிந்தால் சுற்றிப் போங்கள்.

கேள்வி: என்னிடம் ‘இ’ பிரிவு உரிமம். ஸ்டாங்கரிலிருந்து கரையை ஒட்டியே போனால் போதாதா?
– வாசகர், ஸ்டாங்கர்

போதாது. ‘இ’ பிரிவு கரையிலிருந்து 1 மைலுக்குள், இறங்கிய அங்கீகாரத் துறையிலிருந்து 15 மைலுக்குள் மட்டும். ‘டி’ 5 மைல், ‘சி’ 15 மைல், ‘பி’ 40 மைல். உங்கள் உரிமம், படகின் தகுதிச் சான்றிதழ் இரண்டும் அந்தப் பயணத்துக்குப் பொருந்த வேண்டும். கடற்கரையிலிருந்து அலையில் இறக்குவதற்குத் தனிக் குறிப்பு உரிமத்தில் இருக்க வேண்டும். ரேடியோவுக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. தென்னாப்பிரிக்கக் கடல் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவின் விதிகள் இவை. உரிமத்தை உயர்த்தப் படிக்கும்போது கற்றுக்கொள்ளும் வரைபடக் கணக்கு பயணத்துக்கு எப்படியும் தேவைப்படும், அதனால் அதைத் தண்டச் செலவாக எண்ண வேண்டாம்.

கேள்வி: கணவரும் மைத்துனர்களும் படகில் போகிறார்கள். வீட்டில் இருக்கும் நான் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்? எத்தனை மணிக்கு மேல் யாரைக் கூப்பிடுவது?
– வாசகி, சாட்ஸ்வர்த்

அம்மா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே மிகத் தேவையான கேள்வி உங்களுடையது. அவர்கள் கிளம்பும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: படகின் பெயர், பதிவெண், நீளம், மேல்நிறம், கீழ்நிறம், எஞ்சின்கள், எத்தனை பேர், பெயர், வயது, யாருக்கு என்ன மருந்து, எங்கே இறங்கினார்கள், எந்த வழி, எங்கே ஏறுவார்கள், எவ்வளவு பெட்ரோல், வண்டி எங்கே நிற்கிறது, அவசர ரேடியோ மிதவையின் எண். படகை இன்றைய நிலையில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

தாளின் அடியில் இரண்டு நேரம் இருக்க வேண்டும். ஒன்று, சேர வேண்டிய நேரம். மற்றது, மீட்பைக் கூப்பிட வேண்டிய நேரம். இரண்டாவதை ஒற்றை எஞ்சின் கணக்கின்படி போடச் சொல்லுங்கள். மேலே ஃபீனிக்ஸ் வாசகருக்குச் சொன்ன பயணமென்றால் மாலை நான்கு மணி. அதற்குள் செய்தி இல்லையென்றால் ‘இன்னும் அரை மணி பார்ப்போம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போது தேடுவது எளிது. என்எஸ்ஆர்ஐ எனப்படும் தேசிய கடல் மீட்பு நிறுவனத்தின் அவசர எண் 087 094 9774, கைபேசியில் 112. என்எஸ்ஆர்ஐ 1967 முதல் தன்னார்வத் தொண்டர்களால் நடப்பது. தாமதம் என்று நீங்கள் சொன்னால் கோபிக்க மாட்டார்கள். அவர்கள் பரிந்துரைக்கும் சேஃப்டிரெக்ஸ் செயலியில் பயணத்தைப் பதிந்தால், நேரம் தாண்டியதும் எச்சரிக்கை உங்களுக்கே வரும்.

சேர்ந்துவிட்டால் உங்களுக்குச் சொல்ல மறக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். மீட்புப் படகு வீணாக வெளியே போவது அங்கேயும் நாலைந்து பேர் உயிரைக் கடலில் வைப்பது.

கேள்வி: கரையோரம்தானே, கைபேசி போதாதா?
– வாசகர், வெருலம்

போதாது. நனையும், சிக்னல் விடும், பக்கத்துப் படகுக்குக் கேட்காது. விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் பேசினால் சுற்றியுள்ள கப்பல் வரை எல்லோருக்கும் கேட்கும். நிலையான 25 வாட் ரேடியோ ஒன்று, பேட்டரி கெட்டால் பயன்பட நீர்புகாத கைரேடியோ ஒன்று. ‘மேடே’ மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இந்த வரிசையை எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டி வையுங்கள், படகோட்டி கடலில் விழுந்தால் பேசப்போவது வேறொருவர். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ரேடியோ மிதவை இருந்தால் அது உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருந்தால் மீட்பு நிலையம் முதலில் அவரைத்தான் கூப்பிடும்.

கேள்வி: இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டால், அல்லது துறைமுகம் எட்டாதபோது, நேரே கடற்கரையில் ஏற்றிவிடலாமா?
– வாசகர், இசிபிங்கோ

இரண்டு தனிக் கேள்விகள் இவை.

இரண்டும் நின்றால் முதல் வேலை நங்கூரம். எஞ்சினைத் திறந்து பார்ப்பது அதற்குப் பிறகு. கரையில் உடையும் அலைக்குள் இழுபடும் முன் பிடித்தாக வேண்டும். பாறையில் மீன் பிடிக்கும் கொக்கி நங்கூரம்தான் பலரிடம் இருக்கிறது. அது வடக்கே உள்ள மணலிலும் சேற்றிலும் உழுதுகொண்டே வரும். மணலில் புதையும் தட்டை நங்கூரம், 6 மீட்டராவது சங்கிலி, ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு. 25 மீட்டர் ஆழத்துக்கு 125 மீட்டர். அந்தக் கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது கடற்கரையில் ஏற்றுவது ஸ்கீ-போட்டுக்கே உரிய வித்தை. ஆனால் பழகிய கரையில் பழகிய கைதான் செய்ய வேண்டும். தெரியாத கரையென்றால் உடையும் அலைக்கு வெளியே நின்று பத்து நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவே ஓய்வு வரும். எல்லோரும் மிதவைச் சட்டை போட்டு உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் கயிறு ஓட்டுபவரின் உடம்பில். எஞ்சின் மேலே சாயாமல் பிடிக்கும் டில்ட் பூட்டுகள் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் தட்டியதும் பின்பலகை உடையும். கூட்டத்தின் கடைசி அலையின் முதுகில் ஏறி அதைத் தாண்டாமல் உள்ளே போங்கள். நடுவில் மனம் மாறித் திரும்பப் பார்க்காதீர்கள். படகு பக்கம் காட்டும் அந்த ஒரு நொடியில்தான் அலை கவிழ்க்கும்.

குளிக்கும் கடற்கரைகளுக்கு முன்னே சுறா வலைகள் கரைக்கு இணையாக, உடையும் அலைக்குச் சற்று வெளியே மிதவைகளோடு கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு மேல் நீளம். மிதவை வரிசை தெரிந்தால் குறுக்கே போகாதீர்கள். புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் இரண்டு எஞ்சினும் ஒன்றாக நிற்கும்.

கேள்வி: புரட்டாசி விரதத்தில் இருக்கும்போது பயணம் போகலாமா? கடல் எனக்குக் குமட்டும்.
– வாசகர், ஷால்கிராஸ்

மரக்கறி விரதம் தடையே இல்லை, ஆனால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். காலி வயிறுதான் அதிகம் குமட்டும். எண்ணெயில்லாத ரொட்டி, வாழைப்பழம், இஞ்சி பிஸ்கட் போதும். மாத்திரை போடுவதென்றால் முதல் நாள் இரவே ஒன்று, காலையில் ஒன்று. அது தூக்கம் தரும் என்பதால் ஓட்டுபவர் முன்பே ஒருமுறை வீட்டில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், அவசரத்துக்குத் தொடாமல் வைக்க 5 லிட்டர் தனியே.

புரட்டாசியில் வேறொன்றைத்தான் கவனிக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் வடகிழக்குக் காற்று காலை பத்து மணிக்கெல்லாம் எழுந்துவிடும். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு தெற்கே திரும்பும் நேரமும் அது. 300 மீட்டருக்குள் நெருங்குவது சட்டப்படி குற்றம். 20 நாட்டில் ஓடும் படகு தூங்கும் திமிங்கிலத்தின் மேல் ஏறினால் எஞ்சின் பின்பலகையோடு பிய்ந்துவிடும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் வேறு வேலையே இல்லாமல் முன்னே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், அதற்கு மேல் கண் சோர்ந்துவிடும்.